மோர் ஊற்றலாமா, ஒழிக்கலாமா?

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து விட்டுக் கிழக்கே கோட்டைப் பக்கம் நடக்கிற நம்மவர்கள், அந்த ஊர்ப் பெயரை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதில் இருக்கிற 'அங்காடி' மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் வருகிற சொல். பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அந்தச் சொல் நியாயவிலை அங்காடியின் பலகையில் நிற்கிறது. வாயில் வருவது கடை, சந்தை, மார்க்கெட், பஜார். கேரளத்திலோ, குறிப்பாக வடக்கே, அங்காடி இன்னும் பேச்சில் புழங்குகிறது. நம் சொல்லை நாம் பலகையில் மாட்டினோம், அவர்கள் பையில் போட்டுக்கொண்டு சாமான் வாங்கப் போகிறார்கள்.

இந்த மலருக்குச் சொல்லாராய்ச்சியாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டபோது, பெரிய சொல் எதையும் நான் தேடவில்லை. நம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் சண்டை மூட்டுகிற ஒரு சின்னச் சொல்லையே எடுத்துக்கொண்டேன். தண்ணீர், மோர், எண்ணெய், குழம்பு முதலானவற்றை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலைக்கு என்ன பெயர்? ஊற்றுவதா, வார்ப்பதா, விடுவதா, இல்லை நம் பிள்ளைகள் சொல்கிறபடி ஒழிப்பதா?

வழக்கு இதுதான்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தி. பரிமாறிக்கொண்டிருந்த பையன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவரிடம் போய், "மாமா, சாம்பார் ஒழிக்கட்டுமா?" என்று பணிவாகத்தான் கேட்டான். அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நல்ல காரியம் நடக்குற இடத்துல எதைடா ஒழிக்கப் போறே?" என்றார். பந்தியில் சிரிப்பு. பையனுக்கு முகம் செத்துப் போயிற்று. அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு வரவேயில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்கு அது படவில்லை. பிறந்த ஊரில் பேசுகிற தமிழ் தமிழே இல்லை என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அவன் அடுத்த முறை சொல்லைத் திருத்திக்கொண்டு பேச மாட்டான். தமிழ் பேசுவதையே நிறுத்திக்கொள்வான். நம் வீடுகளில் இப்படித்தான் பல பிள்ளைகள் வாய் மூடியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெரியவர் சொன்ன தீர்ப்பு சரிதானா என்று பார்த்துவிடுவது நல்லது. தீர்ப்பில் இரண்டு பகுதி: 'ஒழி' மலையாளக் கலப்பு என்பது ஒன்று, அது அமங்கலம் என்பது மற்றொன்று.

ஒழி என்றால் என்ன?

ஒழி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சுவரொட்டிகளில் பார்க்கும் 'ஒழிக'தான். அழிவது, இல்லாமல் போவது என்பது அந்தச் சொல்லின் ஒரு பொருள். அது மட்டுமே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டு வீடுகளிலேயே காது கொடுத்துக் கேளுங்கள். போகிக்கு முன்னால் "பரணை ஒழிக்கணும்" என்கிறார்கள். பரணை இடிப்பதாக யாரும் பயப்படுவதில்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டை ஒழித்துக் கொடுக்கிறார். "ஓய்வு ஒழிச்சல் இல்லாம உழைக்கிறான்" என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாடு முடிந்ததும் பல வீடுகளில் மாமியார் சொல்லும் சொல்: "பாத்திரத்தை ஒழிச்சுப் போடு." மிச்சம் இருக்கிற குழம்பையும் ரசத்தையும் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, பாத்திரத்தை வெறுமையாக்கித் தேய்க்கப் போடு என்று அர்த்தம்.

அதையே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றுகிற ஒரே செயல்தான். மாமியார் குழம்பு இருந்த பாத்திரத்தைப் பார்த்துப் பேசுகிறார், ஆகவே 'ஒழி'. கிண்ணத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் 'ஊற்று' என்றிருப்பார். தமிழில் நாம் பாத்திரத்தை ஒழிக்கிறோம். மலையாளத்தில் குழம்பையே ஒழிக்கிறார்கள். செயப்படுபொருள் ஒரு அடி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சத்யையில் பருப்பு, சாம்பார், புளிசேரி போன்ற நீர்த்த கறிகளுக்கு 'ஒழிச்சுகூட்டான்' என்று பெயர் வந்ததும் இப்படித்தான்: சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிற கூட்டான்.

வெறுமை என்ற அடிப்படைப் பொருளை மலையாளம் மற்ற இடங்களிலும் பத்திரமாக வைத்திருக்கிறது. விடுமுறை நாள் ஒழிவுதினம். வேலை விளம்பரத்தில் இத்தனை 'ஒழிவுகள்' என்று போடுகிறார்கள். அதே விளம்பரம் தமிழ்நாட்டில் வந்தால் 'காலிப் பணியிடங்கள்' என்றிருக்கும். காலி என்பது அரபியில் பிறந்து உருது வழியாக நமக்கு வந்த சொல். மலையாளிகளும் பேச்சில் காலி என்பதுண்டு. ஆனால் அரசு விளம்பரத்தில் ஒழிவு நிற்கிறது. "பாத்திரத்தைக் காலி பண்ணு" என்பவர், "ஒழி" என்கிற பிள்ளையைப் பார்த்துக் கலப்பு என்று சொல்வது என்ன நியாயம்?

ஒழுகுவதிலிருந்து வந்ததா?

சில அன்பர்கள் வேறொரு விளக்கம் சொல்வார்கள். நீர் 'ஒழுகுகிறது' அல்லவா, அதிலிருந்துதான் மலையாள ஒழி வந்தது, தமிழ் ஒழிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இலக்கணம் இடம் கொடுக்கவில்லை.

ஒழுகு என்பது தன்வினை. அதன் பிறவினை ஒழுக்கு. மலையாளத்திலும் ஒழுகுக, ஒழுக்குக என்று இந்த இணை அப்படியே இருக்கிறது. ஆற்றில் எதையாவது மிதக்க விட்டால் 'ஒழுக்கி' விட்டான் என்பார்கள். இறந்தகாலம் 'ஒழுக்கி'. ஆனால் சாம்பாருக்கு வருவது 'ஒழிச்சு'. இரண்டும் ஒரே வினையாக இருக்க முடியாது. மாறாக, தமிழில் ஒழிந்து, ஒழித்து என்று வருகிற இடத்தில் மலையாளத்தில் ஒழிஞ்ஞு, ஒழிச்சு என்று வருகிறது. நம் 'ந்து' அங்கே 'ஞ்ஞு' ஆவதும், 'த்து' அங்கே 'ச்சு' ஆவதும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு: அறிந்து, அறிஞ்ஞு, அடித்து, அடிச்சு. நம் பேச்சுத் தமிழிலும் 'ஒழிச்சு'தானே! ஆகவே சாம்பாரை ஒழிப்பதும் பரணை ஒழிப்பதும் ஒரே வினை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மலையாளத்தோடு பழகியதால் நம் பிள்ளைகளுக்கு ழகரம் நன்றாக வருகிறது. தெற்கத்தி உறவினர்கள் பலருக்கு ழ, ள வேற்றுமை போய்விட்டது. பையன் "மோரை ஒழிச்சேன்" என்றால் அவர்கள் காதில் 'ஒளிச்சேன்' என்று விழுகிறது. "மோரை எதுக்குடா ஒளிச்சே?" என்று கேட்பார்கள். இதில் சுத்தமான தமிழ் யாருடையது என்று வாசகர்களே சொல்லட்டும்.

ஊற்று எங்கே போயிற்று?

அப்படியானால் மலையாளத்தில் 'ஊற்று' இல்லையா? இருக்கிறது. ஆனால் தலைகீழாக இருக்கிறது. சோறு வெந்ததும் கஞ்சியை இறுத்து எடுப்பதற்கு 'சோறு ஊற்றுக' என்பார்கள். ஒருவன் மற்றவன் இரத்தத்தை உறிஞ்சினால் 'ஊற்றிக் குடிச்சு' என்பார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி எடுப்பதும் ஊற்றல்தான். பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராக 2002ல் போராட்டம் எழுந்து, 2004ல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது நினைவிருக்கும். 'ஜலமூற்றல்' போன்ற சொல்லை அந்தச் சேதிகளில் பார்க்கிற நம்மவர், ஆலைக்காரர்கள் பூமிக்குள் தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்று நினைத்தால் கதை கந்தல்.

இதற்கும் விடை வேரில்தான் இருக்கிறது. ஊறு என்பது தன்வினை. தண்ணீர் ஊறுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது. ஏறு, ஏற்று, மாறு, மாற்று, தேறு, தேற்று, ஆறு, ஆற்று என்பது போல ஊறு, ஊற்று. டீக்கடைக்காரர் ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றுகிறாரே, அது இந்த வரிசையில் வருகிற பிறவினைதான். சூடு ஆறும்படி செய்வது ஆற்றுவது. அதுபோல, உள்ளே இருக்கிற நீரை வெளியே வரச் செய்வதுதான் ஊற்று என்பதன் முதற்பொருள். வந்த நீர் எங்கே போய் விழுகிறது என்பதைத் தமிழ் பார்த்தது. எங்கிருந்து வந்தது என்பதை மலையாளம் பார்த்தது. நாம் வாங்கும் பாத்திரத்துப் பக்கம் நிற்கிறோம், அவர்கள் கொடுக்கும் பாத்திரத்துப் பக்கம் நிற்கிறார்கள்.

'வார்' என்பதும் ஏறத்தாழ அதே வழியில் போயிருக்கிறது. நமக்கு வார்ப்பது என்றால் தோசை வார்ப்பது, கஞ்சி வார்ப்பது, அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பது, கன்னிகாதானத்தில் தாரை வார்ப்பது. வெண்கலத்தை உருக்கி அச்சில் வார்ப்பதும் இதில் சேரும். மலையாளத்தில் சோற்றிலிருந்து கஞ்சியை வடிப்பதும் வார்ப்பதுதான். அச்சில் ஊற்றுகிற பொருளும் அங்கே உண்டு. கான்கிரீட் கூரை போட்டால் 'வீடு வார்த்து' என்பார்கள். ஊற்றும் வாரும் இப்படி வடிகட்டும் வேலைக்குப் பாதி போய்விட்டதால்தான் மலையாளச் சமையலறையில் ஊற்றுகிற வேலைக்கு ஒழி வந்து அமர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஆட்கள் வேறு வேலைக்குப் போனால் புது ஆள் வருவது வீட்டிலும் நடக்கிறது, மொழியிலும் நடக்கிறது.

தாரை வார்ப்பது என்றதும் ஓணம் நினைவுக்கு வரும். மாவேலி மன்னன் மூன்றடி மண்ணை நீர் வார்த்துத்தான் கொடுத்தான் என்பது கதை. பழைய மலபார் நிலப் பத்திரங்களில் நிலத்தை முற்றுரிமையாக விற்பதற்கு 'அட்டிப்பேறு' என்று பெயர். நீரட்டிப்பேறு என்றும் சொல்வதுண்டு. அட்டுதல் என்றால் வார்த்தல் என்று நம் அகராதிகளும் சொல்கின்றன. இப்போது இங்கேயும் அங்கேயும் யாரும் மோரை அட்டுவதில்லை.

அமங்கலம் என்ற பேச்சு

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒழி அமங்கலம், ஊற்று மங்கலம் என்கிறார்கள். அப்படியா? தமிழ்நாட்டில் ஒருவர் இறந்தால், மறுநாளோ மூன்றாம் நாளோ 'பால் ஊற்றுகிறார்கள்'. "அவனுக்குப் பால் ஊத்தியாச்சு" என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். படம் ஓடவில்லை என்றால் "ஊத்திக்கிச்சு". ஆனால் நல்ல சேதி கொண்டுவந்தவரிடம் "என் வயித்துல பாலை வார்த்தே" என்கிறோம். அதே பால், ஊற்றினால் சாவு, வார்த்தால் நிம்மதி. பூப்பெய்திய பெண்ணை நீராட்டுவதைத் திருநெல்வேலிப் பக்கம் 'தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல்' என்பார்கள்; யாழ்ப்பாணத்தில் 'தோய வார்த்தல்' என்பார்கள். அங்கே ஊற்றும் மங்கலந்தான். மங்கலமும் அமங்கலமும் சொல்லுக்குள் இல்லை. எந்தக் காரியத்தில் எந்த ஊர்க்காரர் அதைப் பழக்கப்படுத்தினார்கள் என்பதில் இருக்கிறது.

சுத்தம் பார்க்கிறவர்கள் திருக்குறளைத் திறந்து பார்க்கட்டும். தீய வழியில் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத பச்சை மண்கலத்தில் நீர் ஊற்றி வைப்பது போலாம் என்று 660ஆம் குறள் சொல்கிறது. அங்கே வள்ளுவர் கையாளும் வினை 'பெய்'. உணர்வுடையவர் முன் பேசுவது, பயிர் வளர்கிற பாத்தியில் நீர் விடுவது போல என்கிற 718ல் 'சொரி'. தகுதியில்லாதவர் அவையில் பேசுவது, சாக்கடையில் அமுதத்தைக் கொட்டுவது போல என்கிற 720ல் 'உகு'. இறைக்க இறைக்கப் பெருகும் ஊற்றுநீர் 1161ல் வருகிறது; அது நிலத்தில் சுரக்கும் ஊற்று. (414, 415ஆம் குறள்களில் வருகிற ஊற்று வேறு, அது ஊன்றுகோலின் ஊன்று. மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இன்று யாராவது "டம்ளர்ல தண்ணி பெய்" என்றால் நாம் சிரிக்க மாட்டோமா? பெய் மழைக்குப் போய்விட்டது. சொரி கண்ணீருக்கும் அருளுக்கும் போய்விட்டது. வள்ளுவர் காலத்துச் சொல்லை நாம் விட்டுவிட்டு வேறு சொல்லுக்கு மாறியது வளர்ச்சி. இந்த ஊர்ப் பிள்ளை மாறினால் மட்டும் கெடுதலா?

அகராதிகள் மீது ஒரு குறை

இந்த விஷயத்தில் நம் அகராதிகள் முழுத் துணை செய்வதில்லை. ஊற்றுக்கு வார் என்றும், வாருக்கு ஊற்று என்றும், சொரிக்குப் பொழி என்றும் ஒன்றைக் கொண்டு ஒன்றை விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவது பொது வழக்கம். தோசை மாவை ஏன் வார்க்கிறோம், பெட்ரோலை ஏன் வார்ப்பதில்லை, நெய்யை ஏன் சில வீடுகளில் 'விடுகிறோம்' என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை. எந்தப் பாத்திரத்தின் பக்கம் நின்று பேசுகிறோம் என்ற வேற்றுமையும் பொருள்தான். ஒருபொருட்பன்மொழி என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் அது தொலைந்து போகிறது.

இந்த நகரத்துக்கு அகராதித் தொடர்பு நிறைய உண்டு என்பதால் இதைச் சொல்ல நமக்கு உரிமையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924லிருந்து 1936 வரை வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை, அவர் அதற்கு முன் சில ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பழவங்காடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஸ்ரீகண்டேஸ்வரத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஜி. பத்மநாப பிள்ளை, மலையாளத்தின் பேரகராதியான சப்ததாராவலியைத் தந்தார். இரண்டு மொழிக்கும் அகராதி செய்தவர்கள் நடந்த தெருக்களில்தான் நாம் குடியிருக்கிறோம். ஊற்றும் ஒழியும் ஒரே அடுக்களையில் கேட்கிற நம் போன்ற வீடுகளின் பேச்சை யாராவது எழுதி வைத்தார்களா என்றால், போதிய அளவு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை கோடாக விழுந்தது. பேச்சு அப்படி வெட்டுப்படவில்லை. விளவங்கோட்டுப் பக்கம் தமிழ் பேசுகிறவர் வாயில் 'ஒழி'யை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் தமிழ்நாட்டுத் தமிழர்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் பேசுவது தமிழில்லை என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அப்படியானால் விட்டுவிடலாமா?

ஒழியைக் காப்பாற்றி எழுதியதால், பிள்ளைகள் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் ஒரு கவலை உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது. ஒழி வந்ததில் நஷ்டமில்லை. ஒழி ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கத் தொடங்கினால்தான் நஷ்டம். தோசை வார்க்கிறோம், எண்ணெய் ஊற்றுகிறோம், நெய் விடுகிறோம், கஞ்சி வடிக்கிறோம், ரசம் இறுக்கிறோம், கண்ணீர் சொரிகிறோம், பூவுக்கு நீர் தெளிக்கிறோம். இத்தனை சொல்லும் ஒரே சொல்லுக்குள் கரைந்துவிட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளை ஊரில் போய்ப் பாட்டி வாயிலிருந்து "வயித்துல பால் வார்த்தே" என்று கேட்கும்போது, பாட்டி சந்தோஷப்படுகிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. சொல் போனால் அதோடு உறவின் ஒரு இழையும் போகிறது.

ஆகவே கேலி செய்யாமல் கூடச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே வழி. பையன் "மோர் ஒழிக்கட்டுமா" என்றால், "ஒழி கண்ணா, மதுரையிலே இதைத்தான் ஊத்துன்னு சொல்வாங்க, ஆச்சி வீட்டிலே மாவைன்னா வார்க்கிறதுன்னு சொல்வாங்க" என்று மூன்றையும் கொடுங்கள். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே மூச்சில் நாலு சொல் தெரிந்த பிள்ளை, ஒரு சொல் மட்டும் தெரிந்த மதுரைக்காரருக்கு எந்த விதத்திலும் குறைந்தவன் அல்ல.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த மலருக்குள் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுச் சமையலறையில் புழங்குகிற வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரட்டும்: எதை ஊற்றுவீர்கள், எதை விடுவீர்கள், எதை ஒழிப்பீர்கள், உங்கள் பூர்வீகம் எந்த ஊர், இங்கே வந்து எத்தனை தலைமுறை. வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் அவர்களிடமே முதலில் கேட்டு எழுதுங்கள். இந்தச் சொற்களுக்கு அவர்களைவிடப் பெரிய அகராதி கிடையாது.